பெடல் பஞ்சானால்...

மலைச்சாலையில் பிரேக் ஒரே நொடியில் கைவிடுவது அபூர்வம். பெரும்பாலும் அதற்கு முன்பே அது காலடியில் சேதி சொல்லிவிடுகிறது. காதில் வாங்குபவர்கள்தான் குறைவு.

போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத் தோட்டங்களைத் தாண்டி அடிவாரத்தில் முந்தலை நெருங்கும்போது, விடுமுறை நாட்களில் மூக்கில் ஏறுவது ஏலக்காய் மணம் அல்ல. கருகிய பிரேக்கின் வாடை. கியரை மறந்து, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கி வந்த கார்களின் உபயம் அது. அந்தக் கார்களில் சிலவற்றின் ஓட்டுநர்கள் ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் சொல்லும் புகார் ஒன்றே: "பெடல் மெத்துன்னு உள்ளே போகுது."

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். ஆனால் இரண்டுக்கும் தமிழகம் பக்கத்து வீடு. நெம்மாராவிலிருந்து போத்துண்டி அணை வழியாக நெல்லியாம்பதி, மண்ணார்க்காட்டிலிருந்து அட்டப்பாடி வழியாக ஆனைகட்டி, உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு, கூடலூரிலிருந்து குமுளி, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம் அல்லது இறக்கம். கோடையில் பாலக்காட்டு வெயிலில் காய்ந்த கார் சில மணி நேரத்தில் மலை மேகத்துக்குள் நுழைந்துவிடும்.

இந்தச் சாலைகளில் சுற்றுலாப் பயணிகள் மட்டும் போவதில்லை. கம்பம், போடி, கூடலூர் வட்டாரங்களிலிருந்து விடியும் முன்பே ஏலத் தோட்ட வேலைக்கு ஜீப்களில் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள் மலையேறுகிறார்கள். மாலையில் அதே ஜீப்களில் இறங்குகிறார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் கார்களும் வேன்களும் குமுளி வழியே வரிசை கட்டுகின்றன. குட்டிக்கானம், எருமேலி, இலவுங்கல் ஆகிய இடங்களை மையமாக வைத்து, சபரிமலை சீசனில் கேரள மோட்டார் வாகனத் துறை தனி ரோந்தே நடத்துகிறது.

2025 ஜனவரி 6ஆம் தேதி அதிகாலை, தஞ்சாவூர் சென்று மாவேலிக்கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்து ஒன்று, குட்டிக்கானத்துக்கும் முண்டக்கயத்துக்கும் இடையே புல்லுப்பாறையில் பள்ளத்தில் விழுந்தது. 4 பேர் இறந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லையோ என்பதே அன்று முதலில் எழுந்த சந்தேகம். பேருந்தின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குவது. காரின் பிரேக் திரவத்தால் இயங்குவது. ஆனால் மலை இறக்கம் இரண்டையும் ஒரே வழியில்தான் சோதிக்கிறது. அந்த வழி, சூடு.

50 லிட்டர் வெந்நீர்

போடிமெட்டுக்கும் போடிநாயக்கனூருக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,000 மீட்டர். ஆட்களும் மூட்டைகளுமாக 1,500 கிலோ எடையுள்ள கார் ஒன்று அந்த உயரத்தை இறங்கி முடிக்கும்போது வெளிப்படும் சக்தி, 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். இன்னொரு பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். அது எவ்வளவு என்பதை ஓட்டுநர் போட்டிருக்கும் கியர் தீர்மானிக்கிறது. மிச்சம் முழுவதும் சக்கரங்களுக்குள் இருக்கும் சில கிலோ இரும்பின் தலையில் விழுகிறது.

அந்தச் சூடு டிஸ்க்கோடு நிற்பதில்லை. பேட் வழியாக, பிஸ்டன் வழியாக, அதன் பின்னால் இருக்கும் பிரேக் ஆயிலுக்குப் போகிறது. பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் இந்த ஆயிலைத்தான் குழாய்களுக்குள் தள்ளுகிறது. திரவம் லேசில் அமுங்காது. அதனால்தான் காலின் விசை குறையாமல் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. பெடலும் காலுக்குக் கெட்டியாகத் தெரிகிறது. குழாய்க்குள் கொஞ்சம் காற்றோ ஆவியோ புகுந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். வாயு அமுங்கும். கால் கொடுக்கும் விசை அதை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். பெடல் பஞ்சாவது இப்படித்தான்.

பெயரில் மட்டும் ஆயில்

எல்லோரும் பிரேக் ஆயில் என்கிறார்கள். உண்மையில் அது எண்ணெய் வகையைச் சேர்ந்ததே இல்லை. பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் ஈதர் வகை ரசாயனத் திரவம். அதற்கு ஒரு குணம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடைமழைக் காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயில் டப்பாவின் மூடியிலுள்ள காற்றுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. கார் ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் இது நிற்பதில்லை. மாதக்கணக்கில் மழை பெய்யும் இடுக்கி போன்ற மலைப் பகுதியில் கேட்கவே வேண்டாம்.

ஈரம் சேர்ந்தால் என்ன? கொதிநிலை இறங்கிவிடும். டப்பாவில் டாட் 3, டாட் 4 என்று அச்சிட்டிருப்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வகுத்த தரம். டாட் 3 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த பிறகு 140 இருந்தால் போதும் என்கிறது அந்தத் தரம். டாட் 4க்கு இந்த எண்கள் 230, 155. டாட் 5.1க்கு 260, 180. அதாவது, பழைய டாட் 4 ஆயில் புதிய டாட் 3 ஆயிலைவிட மோசம். டப்பாவில் போட்டிருக்கும் எண்ணைவிட ஆயிலின் வயதே முக்கியம்.

சமவெளியில் இது வெளியே தெரியாது. பாலக்காட்டிலிருந்து கோவைக்குத் தினமும் போய் வரும் காரில் நாலு வருட ஆயில் இருந்தாலும் பிரேக் ஒழுங்காகவே பிடிக்கும். ஒரு நாள் அந்தக் கார் நெல்லியாம்பதி ஏறி இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆயிலில் கலந்திருக்கும் தண்ணீர் ஆவியாகும். ஆவியான தண்ணீர் தன் பழைய அளவைப்போல் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். ஒரு சொட்டு போதும், பெடல் தரையைத் தொட.

காலுக்குத் தெரியும் நான்கு வித்தியாசங்கள்

"பெடல் மெத்துன்னு இருக்கு" என்ற ஒரே புகாருக்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று பிரித்துச் சொன்னாலே மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும். தேவையில்லாத பாகங்களை மாற்றும் செலவும் மிச்சம்.

முதல் வகை, பஞ்சு. மிதித்தால் மெத்தையை அமுக்குவதுபோல் இருக்கும். இரண்டு மூன்று தடவை பம்ப் செய்தால் மேலே ஏறி ஓரளவு கெட்டியாகும். லைனில் காற்று இருக்கிறது. அண்மையில் பிரேக் வேலை பார்த்த காராக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது, ஆழம். பெடல் பாதித் தூரம் சும்மா போகும். பிறகு கல்லாக நிற்கும். இதில் காற்று இல்லை. பெரும்பாலும் பின் சக்கர டிரம்முக்குள் பிரேக் ஷூ தேய்ந்து, டிரம்மிலிருந்து விலகியிருக்கிறது. தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகியிருந்தால் இப்படி ஆகும்.

மூன்றாவது, நழுவல். சிக்னலில் காலை வைத்துக்கொண்டே நின்றால் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஆயில் எங்கோ வெளியே கசிகிறது. அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் அதைத் தாண்டிப் பின்வாங்குகிறது. நான்கில் இதுதான் மிக ஆபத்தானது. இதை வைத்துக்கொண்டு மலை ஏறவே கூடாது.

நான்காவது, மறதி. காலையில் கெட்டி, இறக்கத்தில் பஞ்சு, அடிவாரத்தில் அரை மணி நின்றதும் மறுபடி கெட்டி. ஆயில் கொதித்து ஆறியிருக்கிறது. 'தானா சரியாயிடுச்சு' என்று ஓட்டுநரும் மறந்துவிடுவார். சரியாகவில்லை, அடுத்த இறக்கத்துக்கு ஒத்திப்போடப்பட்டிருக்கிறது.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு உண்டு. பெடல் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் சூட்டில் பேட் அல்லது லைனிங் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் மரக்கட்டையாக இறுகி, முழுப் பலத்தோடு மிதிக்கவேண்டியிருந்தால் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்கவில்லை. இரண்டுமே ஆபத்துதான். ஆனால் மருந்து வேறு.

வீட்டு வாசலில் ஐந்து நிமிடம்

கிளம்புவதற்கு முந்தைய நாளே சமதளத்தில் காரை நிறுத்திச் சோதித்துப் பார்க்கலாம். கருவி எதுவும் வேண்டாம்.

எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் தீர்ந்து பெடல் இறுகும். அப்படியே பலமாக மிதித்து ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். பெடல் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் மூன்றாவது வகை.

காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே அமுங்கும். இதைப் பார்த்துப் பதற வேண்டாம். பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. அமுங்காவிட்டால்தான் பூஸ்டரைக் கவனிக்க வேண்டும்.

பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள கார் என்றால், ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். வழக்கத்தைவிட உயரத்திலேயே பெடல் நின்றால், ஷூ விலகியிருக்கிறது என்று பொருள். அட்ஜஸ்ட்மெண்டோடு வேலை முடிந்துவிடலாம்.

பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே இருக்க வேண்டும். பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. பேட் புதிதாக இருந்தும் மட்டம் இறங்கினால் கசிவு. அப்போது ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டுக் கிளம்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் கதைதான். நான்கு சக்கரங்களின் உள்பக்கம், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேருமிடம், பெடலுக்கு மேல்பகுதி ஆகிய இடங்களில் வழுவழுப்பான ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். வெளியே எங்கும் ஈரம் இல்லை, மட்டமும் குறையவில்லை, ஆனாலும் பெடல் நழுவுகிறது என்றால் குற்றவாளி அனேகமாக மாஸ்டர் சிலிண்டரின் கப்.

கடைசியாக ஹோஸ். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் முன்சக்கர ரப்பர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தால், வயதான ஹோஸ் பாம்பு விழுங்கியதுபோல் புடைப்பது தெரியும். வெடிப்பு விட்டிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

ஏர் எடுக்கும் கலை

காற்றை வெளியேற்றுவதை மெக்கானிக்குகள் 'ஏர் எடுக்கிறது' என்பார்கள். இரண்டு பேர், ஒரு ஸ்பேனர், ஒரு பாட்டில், ஒரு துண்டு டியூப் இருந்தால் போதும். ஆனால் வரிசை தவறக்கூடாது.

முதலில் ஆயில் டப்பாவின் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும். தூசி உள்ளே விழக்கூடாது. சீல் உடைக்காத புதிய டப்பாவிலிருந்து மேல் கோடு வரை ஊற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பது பொது வழக்கம். நம் நாட்டுக் கார்களில் அது இடது பின்சக்கரம். பிறகு வலது பின், இடது முன், வலது முன். குறுக்காக இணைத்த லைன்கள் உள்ள கார்களில் தயாரிப்பாளர் வேறு வரிசை சொல்லியிருக்கலாம். காரோடு வந்த புத்தகமோ சர்வீஸ் புத்தகமோ சொல்வதே சரி.

சக்கரத்திலுள்ள பிளீடர் நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் முங்க வைக்க வேண்டும். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக மூன்று தடவை மிதித்து, மிதித்தபடியே பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறார். ஆயிலோடு குமிழ்களும் பாட்டிலுக்குள் வரும். பெடல் கீழே போகும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முன்பே எடுத்தால் வெளியேறிய காற்று வந்த வழியே உள்ளே போய்விடும். குமிழ் நின்று, தெளிந்த புது ஆயில் வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நடுவில் ஆயில் டப்பா காலியாகிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

பழைய காரில் பெடலைத் தரைவரை ஓங்கி மிதிக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டருக்குள் இதுவரை பிஸ்டன் போகாத பகுதியில் துரு படிந்திருக்கும். அதில் உரசினால் கப் கிழியும். நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர், ஏர் எடுத்த மறுநாள் நழுவ ஆரம்பிப்பதற்கு இது ஒரு காரணம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பஞ்சு போகவில்லையா? காலிப்பரைக் கழற்றி மாட்டும்போது இடது வலது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும்; கீழே போய்விட்டால் காற்று மேலேயே தங்கிவிடும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அந்தப் பெட்டிக்குள் காற்று மாட்டிக்கொண்டால் பல கார்களில் ஸ்கேனரை இணைத்து உள்ளேயிருக்கும் வால்வுகளை இயக்கினால்தான் வெளியேறும். மலையோரக் கடையில் அந்த வசதி இல்லாவிட்டால் மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பெனி சர்வீஸுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

சிக்கனம் என்ற பெயரில்

பிரேக் வேலையில் பெரிய தப்புகளைவிடச் சின்னச் சிக்கனங்களே அதிகம் கெடுக்கின்றன. பாட்டிலில் பிடித்த பழைய ஆயிலை வடிகட்டித் திரும்ப ஊற்றுவது, அதில் முதலாவது. ஆறு மாதம் முன்பு திறந்து அலமாரியில் வைத்த மிச்ச ஆயிலை ஊற்றுவது, இரண்டாவது. இரண்டிலும் ஈரம் ஏற்கெனவே குடிபுகுந்திருக்கும்.

மூன்றாவது, பெயரால் வரும் விபரீதம். பிரேக் 'ஆயில்' என்பதால், அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றுபவர்கள் உண்டு. தாது எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் கப்கள் ஊறி உப்பிவிடும். பிறகு ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ் வரை, ரப்பர் உள்ள அத்தனையையும் மாற்ற வேண்டும். இதே காரணத்தால், கழற்றிய கப்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவுவதும் கூடாது. புதிய பிரேக் ஆயிலிலேயே கழுவலாம். டாட் 5 என்று தனியாக எழுதிய சிலிக்கான் வகையை மற்றவற்றோடு கலக்கவும் கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 3, 4 குடும்பத்தைச் சேர்ந்தது.

நான்காவது, ஆயிலின் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பது. கறுத்த ஆயில் நிச்சயம் பழையது. ஆனால் தெளிவாக இருக்கும் ஆயிலில் ஈரம் இல்லை என்று அர்த்தமல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை முழு ஆயிலையும் மாற்றச் சொல்வது பல தயாரிப்பாளர்களின் வழக்கம். இந்த மலைகளில் அடிக்கடி ஏறி இறங்கும் வண்டிக்கு அதைக் கடைசி வரம்பாக வைத்துக்கொள்வது நல்லது. மழைக்காலம் முடிந்து சபரிமலை சீசன் தொடங்கும் முன் மாற்றினால் கணக்கும் நினைவில் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: புதிய பேட் மாட்டியதும் காலிப்பர் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்கும். முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை பம்ப் செய்ய வேண்டும். இதை மறந்து ஒர்க்‌ஷாப் சுவரில் போய் மோதியவர்கள் உண்டு.

ஏறிய கியரில் இறங்கு

இத்தனை பழுதும் பார்த்தாகிவிட்டது. இனி இருப்பது ஓட்டுநரின் கால். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய பாடம். முதல் வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டால் பாதிச் சுமையை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்குவதைவிட, வளைவுக்கு முன் ஒரு தடவை அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் காலை எடுத்துவிடுவது நல்லது. டிஸ்க் ஆற இடைவெளி கிடைக்கும்.

நியூட்ரலில் இறங்கினால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. இன்றைய எஞ்சின்களில் கணக்கு தலைகீழ். கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். ஆட்டோமேட்டிக் கார்களில் 'டி'யிலேயே விட்டுவிடாமல் 'எல்', '2' அல்லது மேனுவல் முறைக்கு மாற்ற வேண்டும். மின்சாரக் கார்களுக்குத் தனிப் புத்திமதி: மலை உச்சியில் பேட்டரியை 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு கிளம்பாதீர்கள். நிரம்பிய பேட்டரியில் இறக்கத்தின் சக்தியைச் சேமிக்க இடமிருக்காது; முழுச் சுமையும் சாதாரண பிரேக்கின் மீதே விழும்.

இறக்கத்தின் நடுவே டீக்கடையில் நிற்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓடும்போது காற்றுப் பட்டு ஆறிக்கொண்டிருந்த டிஸ்க், நின்றதும் தன் சூட்டைக் காலிப்பருக்குள் அனுப்புகிறது. ஓடும்போது கொதிக்காத ஆயில் நின்ற பிறகு கொதிக்கலாம். எனவே டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது, வண்டியை நகர்த்தும் முன் ஒரு தடவை பெடலை மிதித்துப் பாருங்கள். பஞ்சாக இருந்தால் இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். குறைந்தது அரை மணி நேரம். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வளைந்துபோகும், வெடிக்கவும் கூடும். சக்கரத்துக்குக் கல் வைத்தால், கிளம்பும்போது அதைச் சாலையில் விட்டுப் போகாதீர்கள். பின்னால் வருபவருக்கு அது வேறு விபத்து.

இறக்கத்தில் பெடல் தரையைத் தொட்டேவிட்டால்? வேகமாகப் பம்ப் செய்தால் கொஞ்சம் பிடிப்பு திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும்; ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். சுவிட்ச் வடிவ ஹேண்ட்பிரேக் உள்ள பெரும்பாலான கார்களில் அதைத் தொடர்ந்து இழுத்துப் பிடித்தால் வண்டி தானே நிதானமாக நிற்கும். எஞ்சினை அணைக்கக் கூடாது. அணைத்தால் ஸ்டியரிங்கும் பூஸ்டரும் கைவிடும். ஹாரனும் ஹெட்லைட்டும் போட்டுக்கொண்டு, பள்ளத்தின் பக்கம் விலகி, மலைச் சுவரின் பக்கம் ஒதுங்க வேண்டும். காரின் பக்கவாட்டு நசுங்கினாலும் பரவாயில்லை. தகரத்தைத் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

பழைய கார்களில் ஒரே லைன். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் நான்கு சக்கரமும் போச்சு. இன்றைய கார்களில் இரண்டு தனித்தனி லைன்கள். ஒன்று போனாலும் இன்னொன்று கொஞ்சம் பிடிக்கும். அந்தக் கொஞ்சம், வண்டியை ஓரம் கட்டி நிறுத்துவதற்கு. மெதுவாக ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்புவதற்கு அல்ல.

முழு பிரேக்கின் ஆயிலையும் மாற்ற அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை தேவைப்படும். விலை சில நூறு ரூபாய். ஆனாலும் டயருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் மனமுவந்து செலவழிப்பவர்கள் இதில் கை இழுக்கிறார்கள். காரணம், இது கண்ணுக்குத் தெரியாத பொருள். சொந்தக் காரில் குடும்பத்தோடு போகிறவர் இந்தச் சிக்கனத்தின் ஆபத்தைத் தானும் சேர்ந்து ஏற்கிறார். கூலிக்கு ஓடும் ஜீப்பில் அப்படிச் சொல்ல முடியாது. பெடல் சொல்லும் சேதி ஓட்டுநரின் காலுக்கு மட்டுமே எட்டும். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எட்ட வழியே இல்லை. அவர்களுக்காகவும் சேர்த்துக் கேட்க வேண்டியது அந்த ஒரு கால்தான்.